கிருத்திகைக்கு முந்தின நாள்

கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிவராஜ் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது. சிரிப்பு வந்தால் மீசையைத் தடவுகிற மாதிரி கையை வாய்க்குக் கொண்டு போய்விடுவார். அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? கையை எடுத்தால் பல் தெரிந்துவிடும். அந்தப் பல்லை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

சரக்குப் பெட்டிகளின் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்த்து, ஓடத் தகுந்ததா இல்லையா என்று சொல்லும் பிரிவில் அவர் சீனியர் இன்ஜினியர். ஒரு மழைக்காலத்தில், மெல்ல நகரத் தொடங்கிவிட்ட பெட்டிக்கு அடியில் புகுந்து, ஒரு தொழிலாளியைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவர். அன்றிலிருந்து யார்டில் அவர் 'சிவராஜ்தா'. தன்னைவிட வயதில் மூத்த வங்காளிகள்கூட அவரை அண்ணன் என்றுதான் அழைத்தார்கள். சிவராஜ்தாவுக்கு பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய நாக்கு, வலது கடைவாயில் பாதி உடைந்து நின்ற பல்லைத் தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கும்.

அந்தப் பல்லுக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருந்தது. கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த பையன் அவர். பல்வலியில் இரண்டு நாள் அழுதவனை, அப்பா சுந்தரம் சர்க்கஸுக்குப் போகலாம் என்று சொல்லி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். சைக்கிள் நின்றது கடைத்தெருவில் ஒரு பல் வைத்தியரின் வாசலில். அலறி ஓடப் பார்த்த பையனை, டீக்கடையில் நின்றிருந்த ஆட்கள் வந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். குறடு வாய்க்குள் போனது. பல் வந்தது. பல் பிடுங்கிய வலியை அந்தப் பையன் ஒரு வாரத்தில் மறந்துவிட்டான். ஆனால் நாற்காலியிலேயே அவன் டவுசர் நனைந்து, அது சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்ததையும், பிடித்திருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு சிரித்ததையும், அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்ததையும் மறக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் காலனிக்காரர். சாயங்காலமே பையன்கள் பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

"பல்லு போச்சு டும் டும், டவுசர் போச்சு ஜம் ஜம்!"

பள்ளிக்கூடம் மாறும்வரை அந்தப் பாட்டு அவரைத் துரத்தியது. பிறகு அவரே பெரியவராகி, மீசை வளர்த்து, வேலை வாங்கி, விருத்தாசலத்துப் பெண் விஜயலட்சுமியைக் கட்டிக்கொண்டு வந்தார். பாட்டு மட்டும் எங்கோ உள்ளேயே இருந்தது. பல் வலித்தால் கிராம்பு. வீங்கினால் மருந்துக்கடை மாத்திரை. இந்த முறை துர்கா பூஜை சமயத்தில் கன்னம் வீங்கியபோது, வியர்த்துக் கொட்டும் வெயிலில், காதையும் கன்னத்தையும் மூடும் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

"என்ன அண்ணே," என்றான் ஃபிட்டர் பிரிட்டோ, தமிழ் பேச யார்டில் அவருக்கு இருந்த ஒரே ஆள். "பெங்காலிங்களே இன்னும் குல்லாவ பெட்டியில இருந்து எடுக்கல. நீங்க முந்திக்கிட்டீங்க?"

"காது வலிடா."

"காது வலிக்கு எதுக்கு அண்ணே ஒரு பக்கமாவே மென்னு திங்கறீங்க?"

"வேலையப் பாருடா."

வீட்டிலும் அப்படித்தான். பல் என்ற பேச்சை யாராவது எடுத்தால் முகம் மாறிவிடும், தட்டிலிருந்து எழுந்துவிடுவார். மனைவியும் மகளும் அதற்குப் பழகிக்கொண்டார்கள். விதியைப் பாருங்கள், அந்த வீட்டில் பிறந்த ஒரே பெண் கவிதா பல் டாக்டருக்குப் படிக்கப் போனாள். ஏன் என்று கேட்டபோது, "நீட் மார்க்குக்கு அதுதான் கிடைச்சது பா," என்று தோளைக் குலுக்கினாள். தமிழை வங்காள ராகத்தில் பேசுகிறவள் அவள். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இறுதி ஆண்டுத் தேர்வு குளிர்காலத்தில் வந்தது. பல் பிடுங்குகிற செய்முறைத் தேர்வுக்கு நோயாளியை மாணவர்கள்தான் தேடிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்காகப் படும் பாடு படிப்பைவிடப் பெரியது. சொத்தைப் பல் வைத்திருக்கும் மாமாவும் சித்தியும் அந்த மாதத்தில் மட்டும் ராஜ மரியாதை பெறுவார்கள். கவிதா பேசி வைத்திருந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அண்ணி, தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது பிறந்த வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அன்று கவிதா சாப்பிடாமல் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள்.

அந்த அழுகை சிவராஜுக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லாமல், கணவனும் மனைவியுமாக மாதா மாதம் கிருத்திகை விரதம் இருந்து பெற்ற பெண். அவள் அழுகிற சத்தத்தில் தன்னை மறந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நான் வரேம்மா. எனக்கும் ஒரு பல்லு இருக்கு."

கவிதா துள்ளி எழுந்தாள். செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தாள்.

"அரே பாபா! சூப்பர் பல் பா இது! எக்ஸாமுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு! இத்தன நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

விஜயலட்சுமி அடுக்களை வாசலில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்ன? பொய்யா சொல்றேன்?" என்றார் அவர்.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் கவிதா எல்லாவற்றையும் விளக்கினாள். எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு ஊசி. பிறகு மரத்துவிடும். "ஒண்ணே ஒண்ணு பா. காலைல நல்லா சாப்பிட்டுட்டு வரணும். வெறும் வயித்தோட வந்தா தலை சுத்தும், எங்க மேடம் சேர்ல உக்காரவே விட மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் சிவராஜின் மனதில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அவர் அதைக் கூப்பிடவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் கவிதா முன்னாலேயே போய்விட்டாள். விஜயலட்சுமி இட்லியைத் தட்டில் வைத்தபோது, "அங்க போய் சாப்பிடறேன், டப்பாவுல போடு," என்றார். டாக்சி இரண்டாவது ஹூக்ளி பாலத்தின் மேல் ஏறியபோது, "இப்ப சாப்பிடுங்களேன்," என்று அவள் டப்பாவைத் திறந்தாள். "வண்டியில சாப்பிட்டா குமட்டும்," என்றார். கீழே கங்கை பனியில் மங்கிக் கிடந்தது. பிரேக் டவுன் ஆகாதா, டயர் வெடிக்காதா என்று வேண்டிக்கொண்டே போனார். வாழ்நாள் முழுக்க வண்டிகள் பழுதாகக் கூடாது என்று பாடுபட்ட மனிதர்!

கல்லூரியின் அந்த நீளமான கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைக் கோட்டில் ஒரு மாணவன், ஒரு மாணவி. மருந்து வாசனை. எங்கோ ஒரு கிண்ணத்தில் இரும்பு விழுந்து 'டிங்' என்றது. அவ்வளவுதான். அடிவயிற்றில் அந்தப் பழைய, கேவலமான கனம். இத்தனை பேர் நடுவில், மகளுடைய தோழர்கள் நடுவில், மறுபடியும் அது நடந்துவிட்டால்?

கவிதா முகம் மலர ஓடி வந்தாள். "வந்துட்டியா பா! சாப்டியா?"

மூலையில் உட்கார்ந்திருந்த வாக்கியம் எழுந்து நின்றது.

"ஐயோ, கவிதாம்மா," என்றார் சிவராஜ், நெற்றியில் கை வைத்து. "இன்னிக்கு கிருத்திகை ஆச்சே. விரதம். மறந்தே போச்சு."

இட்லி டப்பாவோடு நின்ற விஜயலட்சுமி திரும்பிப் பார்த்தாள். கிருத்திகை நாளைக்குத்தான். தினசரி காலண்டரைக் கிழிக்கிறவள் அவள், அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

கவிதா என்ன செய்திருக்க வேண்டும்? கோபப்பட்டிருக்க வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள் சாமி கோவிச்சுக்காது, சாப்பிடு பா," என்று சண்டை போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அவளோ ஒரு கணம் வெளிறிப்போய், உடனே சமாளித்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"பரவால்ல பா. எனக்காகத்தானே அந்த விரதமே? தப்பு என்னுது. நான்தான் உன்கிட்ட கேட்டிருக்கணும்."

தேர்வு நடத்திய வயதான டாக்டர் அம்மாளிடம் போய் வங்காளியில் சொன்னாள். இன்று அப்பாவுக்கு உபவாசம், நான் பிறந்ததிலிருந்து எனக்காக இருக்கிறார் என்றாள். 'என் அப்பா' என்று அவள் சொன்னபோது கழுத்து நிமிர்ந்திருந்தது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சிவராஜைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். விரதம் இருப்பவரைக் கட்டாயப்படுத்துவது பாவம், ஓ.பி. வரிசையில் வேறு நோயாளி கிடைத்தால் கூட்டி வா, காத்திருக்கிறேன் என்றார்.

கவிதா வெளியே ஓடினாள். கண்ணாடிக் கதவு வழியாக சிவராஜ் எல்லாவற்றையும் பார்த்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அவள் குனிந்து கேட்டாள். "ஸ்டூடண்ட்டா? வேண்டாம்மா," என்று ஒருவர் தாடையைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். ஒரு பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காளிகாட் கோயில் வாசலில் கையேந்துகிறவர்களைப் போல, அவர் பெற்ற ராஜாத்தி ஒரு சொத்தைப் பல்லுக்காக முன்பின் தெரியாதவர்களிடம் கைகூப்பி நின்றாள்.

விஜயலட்சுமி டப்பாவைக் கணவர் மடியில் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கவி, இங்க வா. என் பல்லப் பாரு."

"மா, விளையாடாதே. உனக்கு என்ன? நீயும் விரதம்தானே?"

"நானும் மறந்துபோய் காலைலயே சாப்பிட்டுட்டேன். பாரேன்."

கவிதா டார்ச்சை அடித்தாள். பார்த்தாள். டார்ச் பிடித்த கை அப்படியே நின்றது. மேல் கடைவாயில் ஒரு பல் குழிந்து கருத்து, ஓரமெல்லாம் உடைந்து கிடந்தது.

"எத்தன நாளா மா இது?"

"இருக்கும், கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளா? இது வருஷக்கணக்கு மா! ஏன் சொல்லல? நான் இதுக்குத்தானே படிக்கறேன்?"

விஜயலட்சுமி யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "நம்ம வூட்ல பல்லப் பத்தி யாரு பேசுறா?"

கதவு பாதி திறந்திருந்தது. சிவராஜின் காதில் அது விழுந்தது. இந்த மனுஷி வருஷக்கணக்காக இடது பக்கமாகவே மென்று தின்றதை, ஜில்லென்ற தண்ணீரைக் குடித்து முகம் சுளித்ததை, சில நாட்களில் சாப்பாட்டை மிச்சம் வைத்து எழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் கேட்கவில்லை. கேட்டால் பல்லைப் பற்றிப் பேச வேண்டி வருமே!

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். விஜயலட்சுமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவளும் அதற்கு முன் அந்த நாற்காலியைப் பார்த்தவளில்லை. ஒரு முறைகூட வெளியே திரும்பிப் பார்க்கவில்லை.

சிவராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் இட்லி டப்பா; பசி வயிற்றைப் பிறாண்டியது. சாப்பிட முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி அம்மாள், வேறொரு மாணவனின் தாய், சாமியை 'தாகூர்' என்று சொல்லும் வங்காளியில் அன்போடு விசாரித்தாள்.

"எந்த தாகூருக்கு விரதம், தாதா?"

"கார்த்திக்," என்றார் சிவராஜ். முருகனுக்கு அங்கே அதுதான் பெயர்.

"கார்த்திக் தாகூருக்கா! பார்த்தீங்களா, இவங்க தட்சிணத்து ஆளுங்க எவ்வளவு பக்தி! என் வீட்டுக்காரர் துர்கா அஷ்டமி அன்னிக்கே முட்டை ரோல் தின்னுட்டு வருவார்." அந்தப் பெஞ்சே அவரை மரியாதையாகப் பார்த்தது. பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. கரக்பூர்க் கடைத்தெருவில் எல்லாரும் சிரித்தபோதுகூட இப்படிக் கூசவில்லை.

விஜயலட்சுமி பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே கவிதா, கண்ணில் நீரும் முகத்தில் வெற்றியுமாக. "வேர் உடையாம முழுசா வந்துடுச்சு பா! மேடம் 'பேஷ், பேஷ்'னு சொன்னாங்க!"

விளக்கு வைக்கிற நேரத்தில் கவிதா ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே பனைவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு. "இந்தா பா, விரதத்த முடி. நானும் அப்போலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. உனக்குத் துணையா." என்று சொல்லி ஒரு துண்டை அவர் வாயில் ஊட்டினாள். அது உடைந்த பல்லில் போய் ஒட்டிக்கொண்டு சுரீரென்று வலித்தது. அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு.

கதை அன்றோடு முடிந்திருந்தால் சிவராஜ் தப்பித்திருப்பார். ஆனால் கிருத்திகை வராமல் இருக்குமா?

மறுநாள் விடிந்தது. உண்மையான கிருத்திகை. கவிதா பிறந்த பிறகும் விஜயலட்சுமி அந்த விரதத்தை விட்டதில்லை. டைபாய்டில் படுத்திருந்தபோதும், சொந்தத் தங்கை கல்யாணத்து விருந்திலும், விளக்கேற்றும்வரை ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. அன்றும் தலைக்குக் குளித்தாள். முருகன் படத்துக்குப் பூ வைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

"மா, ஆன்டிபயாடிக் போடணும். சாப்பிட்டுட்டுத்தான் போடணும், தெரியும்ல?" என்றாள் கவிதா கூடத்திலிருந்து.

இன்றைக்கு விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால், நேற்று எப்படி விரதம் என்று மகள் கேட்பாள். விஜயலட்சுமி அடுக்களைக்குப் போனாள். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து தட்டில் போட்டுக்கொண்டு வந்து, கவிதாவின் எதிரிலேயே உட்கார்ந்தாள். கை ஒரு கணம் வாய்க்கருகில் நின்றது. பிறகு சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமாக, மெல்ல, கடைசிவரை.

வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த சிவராஜ் அதைப் பார்த்தார். லேஸ் கையிலேயே நின்றுவிட்டது.

அவள் தட்டைக் கழுவப் போனபோது பின்னாலேயே போனார். "விஜயா... நீ..."

"மெதுவா. அவ காதுல விழும்."

"எதுக்குடி இப்படிப் பண்ணே?"

விஜயலட்சுமி குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், வீங்கிய கன்னத்தோடு சொன்னாள்: "நேத்து அந்த அம்மாகிட்ட எங்கப்பான்னு சொன்னாளே, அப்ப அவ மூஞ்சியப் பாத்தீங்கல்ல? அது அப்படியே இருக்கட்டும். முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாதானம் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருப்பார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சிவராஜ் கூடத்துக்கு வந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை.

"கவிதா, இன்னிக்குத்தாம்மா கிருத்திகை."

"என்ன பா?" அவள் செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை.

"நேத்து இல்ல. இன்னிக்கு. நேத்து நான்... எனக்கு பயமா இருந்துச்சு. அந்தச் சேரப் பாத்ததும். சாப்பிடாம வந்தா உக்கார விட மாட்டாங்கன்னு நீதானே சொன்னே? அதான் பொய் சொன்னேன். சாமி பேரச் சொல்லி."

கவிதா அவரையே பார்த்தாள். கோபமா, அதிர்ச்சியா, சொல்லத் தெரியாத முகம். பிறகு கேட்டாள். தன் தேர்வைப் பற்றிக் கேட்கவில்லை. வரிசையில் கைகூப்பி நின்றதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப அம்மா இப்ப சாப்பிட்டாங்களே?"

கவிதா எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

அன்றிலிருந்து கவிதா அவரிடம் சண்டை போடவில்லை. மரியாதையாகப் பேசினாள். "டீ குடிக்கறீங்களா?" "வேலைக்குக் கிளம்பறீங்களா?" பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்ந்த பெண், வாடகைக்கு வந்தவர் மாதிரி அவரை 'நீங்க' என்றாள். யார்டில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவிலும் அந்த 'நீங்க' அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிரிட்டோ வழக்கம்போல, புதிதாக வந்த ஆளிடம் அண்ணனின் வீரத்தை அளக்கத் தொடங்கியபோது, "நிறுத்துடா அத!" என்று கத்திவிட்டுப் போனார். பிரிட்டோ திகைத்து நின்றான்.

ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தக் கல்லூரிக்குப் போனார். கேட் வரைக்கும் போனார். காவலாளி "எங்கே?" என்று கேட்டதும், வழி தவறி வந்தவர் போலத் திரும்பி நடந்தார். ஜாதவ்பூர்வரை கால் போன போக்கில் நடந்து, ஒரு டீக்கடை ஓரத்தில் நின்று, பெண்ணைப் பெற்ற, ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளை, மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்லூரி மாணவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

குளிர் விலகி, கவிதா தேர்வில் தேறி, அதே கல்லூரியில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்த பிறகு ஒரு காலையில் விஜயலட்சுமியிடம் சொன்னார். "எனக்குத் தனியா போக முடியல. நீ கூட வரியா?"

எங்கே என்று அவள் கேட்கவில்லை. இட்லியை எடுத்து வைத்தாள். அவர் உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டார். தொண்டையில் இறங்க மறுத்ததைத் தண்ணீரைக் குடித்துத் தள்ளினார்.

ஓ.பி. வரிசையில் நின்றார்கள். அவர் முறை வந்தபோது கூப்பிட்ட மாணவன் வேறு யாரோ. அந்தக் கூடத்தின் கோடியில் நின்றிருந்த கவிதா தற்செயலாகத் திரும்பியவள், அப்படியே நின்றாள். பிறகு நடந்து வந்து, அந்த மாணவனிடம் வங்காளியில் ஏதோ சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"சாப்டீங்களா?" என்றாள் உணர்ச்சியில்லாத டாக்டர் குரலில்.

"அம்மாவக் கேளு."

"சாப்பிட்டார்," என்றாள் விஜயலட்சுமி கதவருகிலிருந்து. "நான் பாத்தேன்."

நாற்காலி சாய்ந்தது. மேலே விளக்கு எரிந்தது. ஊசியைப் பார்த்ததும் சிவராஜ் எழுந்து உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம்மா. பாத்ரூம்." போய்விட்டு வந்தார். மறுபடி சாய்ந்தார். மறுபடி எழுந்தார். "கோவிச்சுக்காதே. இன்னும் ஒரு தடவ."

பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவி களுக்கென்று சிரித்தாள். கவிதா சிரிக்கவில்லை. "வயிறு சரியில்லையா?"

"அது இல்ல." கூடம் நிறைய ஆட்கள். ஆனால் தமிழ் தெரிந்தவர் அவர்கள் மூவர்தான். அந்தத் தைரியத்தில், வாழ்நாளில் முதல் முறையாக, சாதாரணக் குரலிலேயே சொன்னார். "சின்ன வயசுல ஒரு தடவ இந்த மாதிரி சேர்ல வச்சுப் பிடிச்சாங்க. அப்ப டவுசர நனைச்சுட்டேன். ஊரே சிரிச்சது. எங்கப்பாவும் சிரிச்சாரு. இப்பவும் அது நடந்துடுமோன்னுதாம்மா பயம். வலிக்கு இல்ல."

கவிதா ஊசியைத் தட்டில் வைத்தாள். அப்பாவின் பெரிய கையையும், அது நாற்காலியின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. கையுறை போட்ட கையால் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது, உன்கிட்ட?"

"நடந்தா நடக்கட்டும். இங்க துடைக்க ஆள் இருக்கு. யாரும் உன்னப் பிடிக்க மாட்டாங்க. வேணாம்னா கையத் தூக்கு, நான் நிறுத்திடுவேன். சரியா? வாயத் திற பா."

சிவராஜ் வாயைத் திறந்தார். மீசைக்கு மேல் கை போகவில்லை. அந்த வெளிச்சத்தில் அவருடைய கறையும், குழியும், உடைசலும் எல்லாம் மகளுக்குத் தெரிந்தது. அதில்தான் அவருக்குக் கூசியது. ஊசி குத்தியதே பெரிதாகத் தெரியவில்லை. ஒரு முறை கையைத் தூக்கினார். சொன்னபடியே கவிதா நிறுத்தினாள். அவர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, அவராகவே மறுபடி வாயைத் திறந்தார்.

எல்லாம் முடிந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு கிருத்திகையை அவளிடமிருந்து பறித்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். இடது பக்கமாக மென்று தின்ற அத்தனை வருஷத்தைச் சொல்ல வேண்டும். திரும்பி அவளைப் பார்த்தார். உதடு மரத்திருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது மீசையில் இறங்கியது. "வி... விழ..." என்று குழறினார்.

"பேசாதீங்க," என்றாள் விஜயலட்சுமி. "பஞ்சு நகந்துடும்."

அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவள் எழுந்து போகவில்லை.